கத்துக்குட்டி என்று சொன்னவள்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் நீங்கள் அண்மையில் கூட்டிய கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். தேநீர் குடிக்கும் நேரத்தில் உங்களில் ஒரு தங்கச்சி என் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான். கத்துக்குட்டி. பிழை விட்டா மன்னிச்சுக்குங்க" என்றாள். அவள் எந்தப் பிழையும் விட்டிருக்கவில்லை. நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பேசாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

நான் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பிறந்தவள். அப்பாவுக்குத் துணிக்கடை. கடை மேசைக்கு முன்னால் தோட்டத்துச் சனமும் கிராமத்துச் சனமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே சீத்தைத் துணிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பேரம் நடக்கும். எனக்கு எந்த மொழி முதலில் வந்தது என்று அம்மாவுக்கே தெரியாது. அதனால்தான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு இலகுவாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வேலையில் நீங்கள் அதிகம் காதில் வாங்கப் போவது, ஒரு மனிதரிடம் என்ன இல்லை என்று இன்னொரு மனிதர் சொல்வதைத்தான். அதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. அரைகுறை என்பார்கள். அதில் அரையும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. அரைவேக்காடு என்பார்கள். அடுப்பிலிருந்து பாதியில் இறக்கிய சோறு. தற்குறி என்றால், பேரெழுதத் தெரியாமல் தனக்கென்று ஒரு கீறல் போடுகிறவர். எல்லாச் சொல்லும் இல்லாத ஒன்றைத்தான் விரல் நீட்டிக் காட்டும்.

கத்துக்குட்டியை மட்டும் பிரித்துப் பாருங்கள். எழுத்தில் கற்றுக்குட்டி. கற்று, குட்டி. கற்கிற குட்டி. அதில் அரை இல்லை, குறை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் வேறு மாதிரியும் சொல்வார். கன்றோடு நிற்கும் பசுவைப் பழந்தமிழில் 'கற்றா' என்பார்களாம், அதனால் இந்தக் 'கற்று'வுக்குள்ளும் ஒரு கன்று நிற்கலாம் என்பார். அது சரியோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் நாம் இந்தச் சொல்லை ஏளனமாகத்தான் சொல்கிறோம். தொழில் தெரியாதவனைத் தள்ளிவிடுவதற்குச் சொல்கிறோம். அதற்குள் ஒரு குட்டி இருப்பதை ஒரு தோட்டத்துப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றுதான் எனக்குக் காட்டினாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது சப்ரகமுவையில் ஒரு நீதவான் நீதிமன்றத்தில் இருந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் புஷ்பவதி. தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்புறம் உண்டான பிள்ளை. புருஷன் முத்தையா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தான்.

நாள் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பகல் நேரம், நல்ல மழை. தோட்டத்து லொறி வேறு வேலைக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய் பஜாரில் நின்ற த்ரீவீலைக் கூட்டி வந்தாள். அதை ஓட்டி வந்தவன் நுவன். கீழே கிராமத்துச் சிங்களப் பையன், பத்தொன்பது வயது. வண்டி அவனுடைய அண்ணனுடையது. அண்ணனுக்குக் காய்ச்சல். நுவனுக்கு லைசன்ஸ் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தட்டையான பஜார் ரோட்டில் ஓடியிருக்கிறான். தோட்டத்து ரோட்டில் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறினான்.

இறங்கும்போது ஒரு வளைவில் ரோட்டோரம் கரைந்து போயிருந்தது. வண்டி சரிந்து தேயிலைக் கானுக்குள், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குள் விழுந்தது. புஷ்பவதியின் இடது கை முழங்கையில் முறிந்தது. பிள்ளை அன்று மாலையே ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் பிள்ளை. பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்துவிட்டது. தாயின் கைதான் பிழைக்கவில்லை. முறிவு பொருந்தியது, ஆனால் கை நிமிரவில்லை. கொழுந்து பறிக்க இரண்டு கையும் ஓட வேண்டும். அவளைத் தோட்டத்தில் கூட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

மறுநாள் கொழும்பிலிருந்து வந்த முத்தையா, ஆஸ்பத்திரி வராந்தாவில் நுவனைக் கண்டு எல்லார் முன்னாலும் அடித்திருக்கிறான். பையன் திருப்பி அடிக்கவில்லை, ஓடவும் இல்லை. அங்கிருந்துதான் பொலிஸார் அவனைக் கூட்டிப்போனார்கள். கவனமில்லாமல் ஓட்டிக் கடுங்காயம் விளைவித்ததாக வழக்கு.

விசாரணை நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. முத்தையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். அவனோடு தோட்டத்து ஆட்கள் சிலர். மறுபக்கம் நுவனின் அம்மா, அண்ணன், கிராமத்து ஆட்கள். அது யுத்தக் காலம், உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். காலையிலேயே பஸ்ஸில் ஏதோ வாய்ச்சண்டை நடந்ததாகக் காவலாளி சொன்னார்.

புஷ்பவதி கூண்டில் ஏறியதும் நீதவான் அவளைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். அவர் கேட்டதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

"சிங்களம் பேசுவீர்கள்தானே? முதலியார் தேவையா?"

மொழிபெயர்ப்பாளரை அந்தக் காலத்தில் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள், பெண்ணாக இருந்தாலும்.

அவள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "கடையில சாமான் வாங்குற அளவுக்குத் தெரியுங்க. வலிச்சதச் சொல்லத் தமிழ்தான் வருது."

நான் அதை அப்படியே சொன்னேன். நீதவான் தலையை ஆட்டினார். நல்ல மனிதர், ஆனால் வேகமானவர். அன்றைய வழக்குகள் நிறைய. மின்சாரம் வேறு போயிருந்தது. தகரத்தில் மழை கொட்டியது. ஒவ்வொரு பதிலையும் நான் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வழக்கை நடத்திய பொலிஸ் சார்ஜன் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வந்தார். வலி எப்போது வந்தது, வண்டி எப்போது வந்தது, எங்கே விழுந்தது. அவளும் ஒழுங்காகச் சொன்னாள். பிறகு அவர் கேட்டார்.

"எதிரி வண்டியை எப்படி ஓட்டினார்?"

நம் சட்டத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதானே பெயர். நான் "அந்தப் பையன் வண்டிய எப்படி ஓட்டுனான்?" என்று அவளிடம் கேட்டேன்.

நிமிராத கையை மற்றக் கையால் தடவினாள். எதிரிக் கூண்டில் நின்ற நுவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் கத்துக்குட்டிங்க ஐயா" என்றாள்.

சிங்களத்தில் ஆதுனிகயா என்றொரு சொல் இருக்கிறது. தொழிலுக்குப் புதியவர் என்று பொருள். அது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அகராதியைத் திறந்தால் அதுதான் இருக்கும், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் என் கண்ணில் மூன்று முகங்கள் பட்டன. தமிழ் கொஞ்சம் விளங்கிய சார்ஜன், வேண்டியது கிடைத்த மாதிரி நிமிர்ந்தார். பின்னால் முத்தையா, 'அப்படிச் சொல்லு' என்கிற மாதிரித் தலையை ஆட்டினான். எதிரியின் சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டத் தெரியாதவன் கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு மலை ரோட்டில் இறங்கினான் என்று காயப்பட்டவளே சொல்லிவிட்டால், பையன் சிறைக்குப் போவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் அவள் குரல் அப்படி இல்லை. அந்தச் சொல்லின் கடைசிப் பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது. பாலுக்கு அழும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்குமே, அப்படி.

இப்போது இன்னொரு ஆசையும் எனக்குள் எட்டிப் பார்த்தது. அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 'சின்னப் பிள்ளை, பாவம்' என்று மென்மையாகச் சொல்லிவிடலாம். பையனைப் பார்க்க எனக்கும் மனம் கசிந்தது. அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு என்று வாதாடலாம். ஆனால் முதலாவதைச் சொன்னாலும் இரண்டாவதைச் சொன்னாலும் தீர்ப்புச் சொல்வது நானாகிவிடும். அந்தப் பெண் காட்டுப் பாதையில் இறங்கி, இரண்டு பஸ் மாறி, வேலையை விட்டு வந்து நிற்பது என் தீர்ப்பைக் கேட்கவா?

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ம், சொல்லுங்கள்" என்றார் நீதவான்.

"சுவாமி, சாட்சி சொன்ன சொல்லை இரண்டு விதமாக எடுக்கலாம். எதை நினைத்துச் சொன்னார் என்று அவரிடமே கேட்க அனுமதி வேண்டும்."

சார்ஜன் எழுந்துவிட்டார். "சுவாமி, சாட்சி தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முதலியாருக்குச் சொல் தெரியாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. நீதவான் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல் தெரியாதா?"

"தெரியும், சுவாமி. நான் சொன்னால் பாதிதான் வரும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பொருள் எதையும் அதில் சேர்க்க வேண்டாம்."

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. 'ஓட்டத் தெரியாதவன்னு சொல்றீங்களா, சின்னப் பையன்னு சொல்றீங்களா?' என்று கேட்டால், இரண்டு பெட்டியைத் திறந்து வைத்து ஒன்றில் ஏறச் சொல்வது போலாகும். பயந்த சாட்சி நாம் நீட்டுவதைத்தான் எடுக்கும். இதை நீங்கள் எப்போதும் மனதில் வையுங்கள். நான் இப்படிக் கேட்டேன்.

"கத்துக்குட்டின்னு சொன்னீங்களே, அது என்னான்னு ஐயாவுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்கம்மா."

அவள் என்னைப் பார்க்காமல் நேரே நீதவானைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, நான் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவனுக்கு ஓட்டத் தெரியலைங்க. பழகுன ஆளா இருந்தா அந்த வளைவுல கல்லுப் பக்கமா ஒதுங்கியிருப்பான். இவன் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிட்டான். அது நெசம். எங்கையி இப்புடி ஆனதும் நெசம்."

நான் சொன்னேன். தட்டச்சு ஓடியது.

"ஆனா அவன் வேகமாப் போகலைங்க. நான்தான் வலி தாங்காம போ, போன்னு கத்துனேன். அவன் 'அக்கே, பய வென்ன எபா, பயப்படாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுனான். பயப்படாதீங்கன்னு சொல்றவனே பயந்துக்கிட்டுத்தான் இருந்தான்."

எதிரியின் சட்டத்தரணி ஏதோ குறித்துக்கொண்டார்.

"வண்டி சாஞ்சதும் அவன் ஓடியிருக்கலாம். யாருமே இல்ல அங்க. அவன் நெத்தியில ரத்தம் வழியுது. பெரிய ரோட்டுக்கு ஓடிப் போயி பஸ்ஸுக்குக் குறுக்கால நின்னுருக்கான். பஸ் டைவர் அய்யா, இன்னும் கொஞ்சம்னா அவன் மேல ஏத்தியிருப்பேன்னு சொன்னாரு. பஸ்ல இருந்த ஆளுங்கதான் என்னையத் தூக்கிட்டுப் போனாங்க. அவனும் கூடவே வந்தான்."

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் தயங்கினாள். பின் வாங்கைப் பார்த்தாள்.

"எம்புள்ளய மொதல்ல பாத்தது அவன்தாங்க. நர்சு நோனா புள்ளயத் தூக்கிட்டு வெளிய வந்து பாத்தாங்களாம். ஈர உடுப்போட இவன் ஒருத்தன் மட்டுந்தான் நிக்கிறான். இவன்தான் தகப்பன்னு நெனச்சு, தாத்தே, அதாங்க அப்பா, மக பொறந்திருக்கான்னு காட்டிட்டாங்க. இவனும் இல்லன்னு சொல்லத் தெரியாம கைய நீட்டிட்டானாம். அப்புறமா எங்கிட்ட வந்து சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னபோது நீதிமன்றமே சிரித்துவிட்டது. கிராமத்துப் பக்கமும் சிரித்தது, தோட்டத்துப் பக்கமும் சிரித்தது. நீதவான் மேசையைத் தட்டினார், ஆனால் அவர் வாயோரமும் சற்று விரிந்துதான் இருந்தது. முத்தையா மட்டும் சிரிக்கவில்லை. இது அவனுக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. தோளில் தூங்கிய பிள்ளையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் புஷ்பவதி முடித்தாள்.

"கத்துக்குட்டின்னா அதாங்க. தெரியாதவன். இன்னும் கத்துக்கிட்டு இருக்குற குட்டி. ரெண்டையும் எழுதிக்குங்க ஐயா. ஒண்ண விட்டுட்டா நான் பொய் சொன்னதா ஆயிரும்."

குட்டி, குஞ்சு எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் 'பெட்டியா' என்றொரு சொல் இருக்கிறது. தாய்மார் பிள்ளைகளைக் கொஞ்சுவதும் அதே சொல்லால்தான். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னாலேயே நுவன் அழத் தொடங்கிவிட்டான். தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்தவன், அவனுக்குத் தமிழ் விளங்கியிருக்கிறது. நான் எதிரே இருந்து அவனைப் பார்த்தேன். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதான். நான் குரலைச் சரிசெய்துகொண்டு என் வாக்கியத்தைச் சொல்லி முடித்தேன். அது என் வேலை.

எதிரியின் சட்டத்தரணிக்கு இப்போது நல்ல வாய்ப்பு. அவளே போ, போ என்று கத்தினாள், மழை, ரோடு கரைந்திருந்தது. எல்லாம் அவர் கையில் இருந்தது. அவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். நுவன் கையை நீட்டி அவர் கோட்டைத் தொட்டான். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். சட்டத்தரணி தலையை ஆட்டி மறுத்தார். பையன் மறுபடியும் ஏதோ சொன்னான். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு நீதவான் பக்கம் திரும்பினார்.

"சுவாமி, என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்புகிறார். நான் அறிவுரை சொன்னேன். அவர் கேட்கவில்லை."

"ஏன்?" என்று நீதவான் நுவனிடமே கேட்டார்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "அக்கா உண்மையைச் சொன்னார், சுவாமி. எனக்கு அந்த வளைவில் ஓட்டத் தெரியவில்லை. இனி நான் அதை வேறு மாதிரிச் சொல்ல முடியாது."

இதை நான் புஷ்பவதிக்குத் தமிழில் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

நீதவான் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. தண்டம் விதித்தார். லைசன்ஸைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவைத்தார். மறுபடி ஓட்டுவதற்கு முன்னால், தேர்ந்த சாரதி ஒருவரோடு மலை ரோட்டில் ஓடிப் பழகச் சொன்னார். "கற்றுக்கொண்டு வா" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பிள்ளைகளே, சாட்சி ஒரு சொல்லைச் சொன்னால் அதை முழுதாகச் சொல்லியிருக்கிறது என்று நம்புங்கள். உங்கள் கையில் பாதிதான் தங்குகிறது என்று தோன்றினால் நிறுத்துங்கள். மேசைக்கு மேலே இருப்பவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், பின்னால் யாராவது சிரிப்பார்கள், காது சூடாகும். அதெல்லாம் ஒரு நாளில் ஆறிவிடும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் அன்றைக்கு அகராதிச் சொல்லைச் சொல்லியிருந்தால், அந்தப் பெண் பேச வந்ததை வாழ்நாளில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளோ, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

மதிய இடைவேளைக்கு நான் வெளியே வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. நீதிமன்றப் படிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட பஸ் தரிப்பிடம். புஷ்பவதி பிள்ளையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நின்றாள். முத்தையாவைக் காணவில்லை. வெளியே வந்ததும் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் மழையில் இறங்கி நடந்துவிட்டான் என்று காவலாளி சொன்னார். தோட்டத்து ஆட்களும் ஒதுங்கித்தான் நின்றார்கள். அவள் செய்தது சரியா பிழையா என்று அவர்களுக்கு இன்னும் தீரவில்லை.

நுவனும் அவன் அம்மாவும் தரிப்பிடத்தின் மறுகோடியில் நின்றார்கள். பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. புஷ்பவதிக்கு ஒரு கைதான், மாற்றிப் பிடிக்க முடியவில்லை. இடுப்பை வளைத்து வளைத்துப் பார்த்தாள். அந்தச் சிங்கள அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நடந்து வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"தென்ன துவே" என்றார். கொடு மகளே என்று அர்த்தம்.

புஷ்பவதி கொடுத்தாள். அந்த அம்மா பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகில் தட்டிக்கொண்டே நின்றார். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் முத்தையா எதிர்ப் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து வந்தான். நனைந்த தலை. இரண்டு கையிலுமாக மூன்று பிளேன்டீ கிளாஸ்கள், விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிந்தாமல் ரோட்டைக் கடந்தான். தன் பிள்ளை யார் தோளில் இருக்கிறது என்று பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றுவிட்டான். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

அவன் ஒரு கிளாஸைப் புஷ்பவதியிடம் கொடுத்தான். இன்னொன்றை வாங்குப் பலகையின் மேல், அந்த அம்மாவுக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். மீதி ஒன்றுதான் கையில் இருந்தது. அதோடு மறுகோடிக்கு நடந்து போனான். நுவன் பின்னால் ஓர் அடி வைத்தான்.

"குடி" என்றான் முத்தையா. பையன் அசையவில்லை. முத்தையா கிளாஸை அவன் கைக்குள் வைத்து, அந்த விரல்களைத் தன் விரலால் மூடிப் பிடித்தான்.

"ஆறிரும்டா. குடி."